குதிரைமசால் வயலுக்காக ஒரு மேல்முறையீடு

வழக்குகள் பல விதமாக முடியும். ஜெயிப்போம், தோற்போம், சமரசம் ஆகும், கட்சிக்காரர் மனம் மாறி வாபஸ் வாங்குவார், எதிர்த்தரப்பு திவாலாகிவிடும். எந்தச் சட்டத்தின் கீழ் மனுப் போட்டோமோ அந்தச் சட்டமே நடுவில் இல்லாமல் போவது அபூர்வம். என் அனுபவத்தில் அது ஒரு தடவைதான் நடந்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், 2025-ல், ஒரு காட்டுத்தீ வரைபடத்தை எதிர்த்து நாங்கள் போட்ட மேல்முறையீடு அது.

கட்சிக்காரர்களின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். சட்டமும் தேதிகளும் உள்ளது உள்ளபடி.

கணவன், மனைவி இருவரும் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர்கள். போர்ட்லண்டை அடுத்த ஹில்ஸ்பரோவில் சிப் தொழிற்சாலை இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அந்த வயதில் எல்லாரும் பிள்ளைகள் இருக்கும் ஊர்ப் பக்கம் ஒதுங்குவார்கள். இவர்கள் கேஸ்கேட் மலையைத் தாண்டிக் கிழக்கே போய், டெஷூட்ஸ் கவுன்டியில், பெண்ட் நகரத்துக்கும் சிஸ்டர்ஸ் என்ற சிற்றூருக்கும் இடையில் பத்து ஏக்கர் வாங்கினார்கள். பாதிக்குக் கொஞ்சம் மேலே குதிரைமசால் என்ற தீவனப் பயிர் வயல். மீதி, ஜூனிப்பர் மரமும் சேஜ்பிரஷ் புதரும் மண்டிய மேட்டுச் சரிவு. இரண்டுக்கும் நடுவில் வீடு. "பி.ஏ.பி. வாய்க்காத் தண்ணியில வளந்த ஆளுங்க தம்பி, ஒரு மடையைத் திறந்து உட்டுப் பாக்காம இருக்க முடியலீங்க அவருக்கு" என்று, பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டக் கால்வாயைச் சொல்லி, மனைவி சொன்னார்; அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

2025 ஜனவரியில் அவர்களுக்கு மாநில வனத்துறையிடமிருந்து ஒரு பதிவுத் தபால் வந்தது. உங்கள் நிலம் 'உயர் ஆபத்து' வகையில் சேர்க்கப்பட்டிருக்கிறது, ஆட்சேபம் இருந்தால் மேல்முறையீடு செய்யலாம் என்று அதில் இருந்தது. அண்ணன் என்று நான் கூப்பிடும் அந்தக் கணவர் எனக்குப் போன் போட்டார். குரலில் அவமானப்பட்ட தொனி. ஏதோ குற்றப்பத்திரிகை வந்துவிட்ட மாதிரி.

அந்தத் தபாலுக்குப் பின்னால் ஐந்து வருஷக் கதை இருக்கிறது. 2020 செப்டம்பரில், அமெரிக்கத் தொழிலாளர் தின விடுமுறையை ஒட்டி, கிழக்கிலிருந்து அடித்த வறண்ட காற்றில் ஓரிகன் பற்றி எரிந்தது. பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் கருகியது. 4,000-க்கும் அதிகமான வீடுகள் போயின. மாநிலத்தின் தெற்கே ஆஷ்லண்டில் கிளம்பிய அல்மீடா தீ, பேர் கிரீக் ஓடைக்கரையைப் பிடித்துக்கொண்டு டாலன்ட், ஃபீனிக்ஸ் என்ற இரண்டு ஊர்களுக்குள் புகுந்து, தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பல வசித்த மொபைல் ஹோம் குடியிருப்புகளை வரிசை வரிசையாகத் தின்றது. காடு எரிந்தால் காட்டுக்குள் இருப்பவர்கள் பாடு என்ற அலட்சியம் அன்றோடு போனது.

மறு வருஷம் செனட் மசோதா 762 சட்டமானது. மாநிலத்தின் ஒவ்வொரு மனைப்பிரிவுக்கும் தீ ஆபத்து எவ்வளவு என்று வனத்துறையும் ஓரிகன் ஸ்டேட் பல்கலைக்கழகமும் சேர்ந்து வரைபடம் போட வேண்டும். ஆபத்து அதிகம், அதோடு காட்டை ஒட்டிய குடியிருப்பு என்ற இரண்டும் பொருந்தினால் அந்த மனைக்கு இரண்டு கடமைகள் வரும்: வீட்டைச் சுற்றி எரியக்கூடியதைக் குறைத்து வைக்கும் பாதுகாப்பு வெளி, புதிதாகக் கட்டினால் தீயைத் தாங்கும் கட்டுமானம். ஏற்கெனவே நிற்கிற வீட்டை இடித்துக் கட்டு என்று சட்டம் யாரையும் கேட்கவில்லை. ஆனால் அப்படிக் கேட்டதாகத்தான் ஊரில் பாதிப் பேர் நம்பினார்கள்.

முதல் வரைபடம் 2022 ஜூன் 30-ல் வந்தது. தபாலைப் பார்த்த மக்கள் கொதித்தார்கள். கிராண்ட்ஸ் பாஸ் ஊரில் நடக்க இருந்த விளக்கக் கூட்டத்தை வன்முறை மிரட்டல் வந்ததால் ரத்து செய்ய வேண்டியதாயிற்று. ஆகஸ்டிலேயே வரைபடத்தைத் திரும்பப் பெற்றார்கள். 2023-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஐந்து படிகள் மூன்றாயின. 'ரிஸ்க்' வரைபடம் 'ஹசார்ட்' வரைபடம் என்று பெயர் மாறியது. கவுன்டி நிர்வாகிகளைக் கூப்பிட்டுப் பேசினார்கள். பாசன நிலங்களின் ஆபத்துக் கணக்கைத் தணித்தார்கள். இறுதி வரைபடம் 2025 ஜனவரி 7-ல் வெளியானது. மாநிலத்தில் சுமார் 19 லட்சம் மனைப்பிரிவுகள். இரண்டு நிபந்தனைகளிலும் விழுந்தவை ஏறக்குறைய 1,06,000, அதாவது 6 சதவீதம். மேல்முறையீட்டுக்கு 60 நாள் அவகாசம். மார்ச் 10 கடைசித் தேதி.

நிலத்தைப் பார்க்காமல் நில வழக்கை எடுப்பதில்லை என்பது என் சீனியர் ஊரில் சொல்லிக்கொடுத்தது. சான்டியம் கணவாய் வழியாகக் காரில் போனேன். கணவாயின் உச்சியில் சாலையின் இரு புறமும் சாம்பல் நிற மொட்டை மரங்கள் இன்னும் நிற்கின்றன. 2003-ல் சிஸ்டர்ஸ் ஊருக்கு மேற்கே சுமார் 90,000 ஏக்கரை எரித்த பி அண்ட் பி தீயின் மிச்சம். பெண்டுக்கு மேற்கே 1990 ஆகஸ்டில் ஆப்ரே ஹால் தீ 22 வீடுகளைக் கொண்டுபோனது. எனவே வரைபடம் இந்தப் பகுதிக்கு உயர் ஆபத்து என்று சொன்னதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கட்சிக்காரரிடம் அதை எப்போது சொல்வது என்பதுதான் யோசனை.

அண்ணன் என்னை வாசலிலேயே நிறுத்தி வீட்டைச் சுற்றிக் காட்டினார்.

"பாருங்க தம்பி. கூரை இரும்புத் தகடு. செவுத்தைச் சுத்தி ஒரு சருகு கெடக்குதுங்களா? அந்த பைன் மரத்துக் கீழ்க் கொப்பெல்லாம் நானே அறுத்துப் போட்டனுங்க. இதுக்கு மேல ஒரு மனுசன் என்னங்க பண்ணுவான்? இதையெல்லாம் போட்டோப் புடிச்சுச் சேத்துருங்க. ஆபத்துன்னு எழுதுன ஆளு வந்து பாக்கட்டும்."

"அண்ணா, உங்க வீடே அந்த வரைபடத்துல கெடையாதுங்க" என்றேன்.

அவர் புரியாமல் பார்த்தார். இந்த வழக்கின் முடிச்சே அதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வரைபடம் நான்கு விஷயங்களைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது அப்போதைய சட்டத்தின் வாசகம்: அன்றாட வானிலை, நெடுங்காலத் தட்பவெப்பம், நிலத்தின் ஏற்ற இறக்கம், அதன் மேல் வளர்ந்திருக்கும் தாவரம். இவற்றைக் கணினியில் ஏற்றி, ஆயிரக்கணக்கான கற்பனைத் தீப்பருவங்களை ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தீ தொடுவதற்கு வாய்ப்பு எவ்வளவு, தொட்டால் எவ்வளவு உக்கிரமாக எரியும் என்று இரண்டு எண்கள் கிடைத்தன. அந்த இரண்டும் சேர்ந்ததுதான் ஆபத்து எண். ஒரு மனைப்பிரிவுக்குள் அடங்கும் கட்டங்களின் எண்களைச் சராசரி எடுத்து, உயர்வு, நடுத்தரம், குறைவு என்று மூன்றில் ஒன்றில் போட்டார்கள். கூரை ஓடா, தகடா, மரச் சில்லா என்பது எங்கேயும் வரவில்லை. வாசலில் சருகு கிடக்கிறதா, பெருக்கியாகிவிட்டதா என்பதும் வரவில்லை.

"பவானிக் கரையில ஒருத்தர் வீடு கட்டியிருக்கார்னு வெச்சுக்கங்க. ஆத்துல எத்தனை வருசத்துக்கு ஒருக்கா வெள்ளம் வரும், எத்தனை அடி ஏறும்ங்கறது ஒரு கணக்கு. அவர் திண்ணையை எத்தனை அடி ஒசத்திக் கட்டியிருக்கார்ங்கறது வேற கணக்கு. மாநிலம் போட்டிருக்கறது மொதக் கணக்கு மட்டும்தாங்க."

அதைக் கேட்டதும் அவருக்குக் கோபம் குறையவில்லை, இடம் மாறியது. அப்படியானால் நான் பட்ட பாட்டுக்கு மதிப்பே இல்லையா என்றார். நியாயமான கேள்வி. இந்தச் சட்டத்தின் பெரிய கோளாறும் அங்கேதான் இருந்தது என்பது என் அபிப்பிராயம். வீட்டைக் கணக்கில் எடுக்காததில் தப்பில்லை. வீடு கைமாறும், கூரை மாறும். அடுத்த சொந்தக்காரர் மரத்தளத்துக்கு அடியில் விறகை அடுக்குவார். சரிவும் காற்றும் அப்படியே இருக்கும். அதனால் இடத்தை மட்டும் அளப்பது நியாயம்தான். ஆனால் அதை முதலில் பத்துப் பேரை உட்காரவைத்துச் சொல்லிவிட்டுப் பிறகு தபால் அனுப்பியிருக்க வேண்டும். முதலில் தபால், அப்புறம் விளக்கம் என்று 2022-ல் போனதன் விளைவுதான் எல்லாம். இரண்டாம் முறை கவனமாகச் செய்தபோது கேட்கிற காது யாருக்கும் மிச்சம் இல்லை.

வரைபடத்தின் மறுபக்கத்தையும் அன்று அவரிடம் சொன்னேன். குறைவான ஆபத்து என்று போட்டிருக்கும் இடம் பத்திரமான இடம் என்று அர்த்தம் இல்லை. கலிஃபோர்னியாவில் சான்டா ரோசா நகரத்தின் காஃபி பார்க் என்ற குடியிருப்பு, அந்த மாநிலத்தின் வரைபடத்தில் மிக உயர்ந்த ஆபத்துப் பகுதிக்கு வெளியே இருந்தது. சாதாரண நகர்ப்புறத் தெருக்கள். 2017 அக்டோபரில் டப்ஸ் தீ மலையிலிருந்து இறங்கி, 101-ஆம் எண் நெடுஞ்சாலையின் ஆறு தடங்களையும் தாண்டி அங்கே விழுந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் ஒரே இரவில் போயின. அவற்றைக் கொளுத்தியது பெரும்பாலும் காட்டின் சுவாலை அல்ல. காற்றில் பறந்து வந்த கங்குகளும், ஒரு வீடு எரிந்து அடுத்த வீட்டைப் பற்றவைத்ததும்தான். கோட்டுக்கு உள்ளே, வெளியே என்ற பேச்சு சட்டத்துக்கு வேண்டும். கங்குக்குக் கோடு தெரியாது.

அன்று மதியம் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உண்மையான மனத்தாங்கல் வெளியே வந்தது. அக்கா ஒரு ஃபைலை எடுத்து வந்து வைத்தார். வீட்டுக் காப்பீட்டுக் கம்பெனியின் கடிதம். பிரீமியம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகியிருந்தது.

"வரைபடத்துல போட்டதாலதாங்க இது. பக்கத்து ஊட்டுக்காரரும் அதையேதான் சொல்றாருங்க" என்றார் அண்ணன்.

கடிதத்தின் தேதியைப் பார்த்தேன். முந்திய வருஷம் அக்டோபர். இறுதி வரைபடம் வந்ததோ ஜனவரியில். அதோடு, 2023-லேயே செனட் மசோதா 82 என்று ஒரு சட்டம் வந்திருந்தது. மாநில வரைபடத்தைக் காட்டிப் பாலிசியை ரத்து செய்வதும், புதுப்பிக்க மறுப்பதும், பிரீமியத்தை ஏற்றுவதும் கூடாது என்று அது கம்பெனிகளைத் தடுத்தது. 2022-ல் வதந்தி பரவியபோதே மாநிலக் காப்பீட்டுக் கண்காணிப்புத் துறை கம்பெனிகளிடம் எழுத்தில் விசாரித்து, யாரும் அந்த வரைபடத்தைப் பயன்படுத்தவில்லை என்று உறுதி செய்திருந்தது.

கம்பெனிகளுக்கு அந்த வரைபடம் தேவையும் இல்லை. அவர்களிடம் வேறு கணக்கு இருக்கிறது. தனியார் நிறுவனங்கள் விற்கும் மாதிரிகள், செயற்கைக்கோள் படங்கள், வீடு வீடாக மதிப்பெண். அரசு வரைபடத்தையாவது யாரும் கணினியில் திறந்து முகவரியைப் போட்டுப் பார்க்க முடிந்தது, செய்முறையைப் படிக்க முடிந்தது, மேல்முறையீடு செய்ய முடிந்தது. கம்பெனியின் வரைபடத்தை யாரும் பார்த்ததில்லை. கண்ணுக்குத் தெரிந்த வரைபடத்தின் மேல் மாநிலமே கல்லெறிந்தது. தெரியாத வரைபடம் பில் அனுப்பிக்கொண்டே இருந்தது. ஊரில் நிலம் வாங்கும்போது முப்பது வருஷத்துக்கு வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்க்கிற நாம், இங்கே வீடு வாங்கும்போது காப்பீட்டுக் கம்பெனி அந்த முகவரியை என்னவாக நினைக்கிறது என்று கேட்பதில்லை. கேட்டால் பாதி வியாபாரம் நின்றுவிடும் என்று எனக்குத் தெரிந்த ரியல் எஸ்டேட்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஆகவே வேலையை இரண்டாகப் பிரித்தேன். வனத்துறைக்கு மேல்முறையீடு ஒன்று. காப்பீட்டுக் கம்பெனிக்குத் தனிக் கடிதம் ஒன்று. மசோதா 82-ன்படி, தீ ஆபத்தைக் காரணமாக வைத்துப் பிரீமியத்தை ஏற்றினால், அந்தக் குறிப்பிட்ட வீட்டைப் பொறுத்து என்ன காரணம், என்ன செய்தால் நிலைமை மேம்படும் என்று சொந்தக்காரருக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். அதைத்தான் எழுத்தில் கேட்டேன்.

மேல்முறையீட்டுக்கு எதைப் பிடிப்பது? வீடு சுத்தம் என்ற வாதம் செல்லாது. விதிகளைச் சரியாகப் பின்பற்றவில்லை என்று காட்டலாம். கணக்கில் போட்ட தரவு பிழை என்று காட்டலாம். வகைப்பாட்டை மாற்றும் அளவுக்குப் புதிய உண்மை இருந்தால் அதை வைக்கலாம். காட்டை ஒட்டிய குடியிருப்பு என்பதை மறுக்க வழியில்லை. அக்கம்பக்கத்தில் வீடுகள் இருந்தன. மேற்கே காடு இருந்தது.

வழி காட்டியது அக்காதான். வரைபடத்தை என் மடிக்கணினியில் பெரிதாக்கி அவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். அவர் வயலைத் தொட்டுக் கேட்டார்: "தம்பி, இதைக் காஞ்ச பில்லுன்னு எடுத்துக்கிட்டாங்களா, தண்ணி பாயற வயல்னு எடுத்துக்கிட்டாங்களா?"

சரியான கேள்வி. திருத்திய வரைபடத்தில் பாசன நிலங்களுக்கு ஆபத்து எண்ணைக் குறைத்திருந்தார்கள். பச்சைக் குதிரைமசால் எளிதில் எரியாது. ஆனால் நடு ஓரிகனில் 2021-ல் கடும் வறட்சி. டெஷூட்ஸ் ஆற்றுப் படுகையில் பாசன சங்கங்கள் தண்ணீரை வெட்டின. பழைய உரிமைக்காரருக்கு முதலில், புதிய உரிமைக்காரருக்கு மிச்சம் இருந்தால் என்பது அங்கே சட்டம். பல வயல்கள் கோடை பாதியிலேயே காய்ந்தன. மேலிருந்து பார்க்கிற செயற்கைக்கோளுக்குக் காய்ந்த வயலும் காய்ந்த புல்வெளியும் ஒன்றுதான். இவர்களுடைய வயல் பாசனக் கணக்கிலிருந்து விடுபட்டிருந்தது என்பதுதான் எங்கள் வாதமாக உருவானது. வயல் கணக்கில் ஏறினால் பத்து ஏக்கரின் சராசரி 'நடுத்தரம்' ஆகிவிட வாய்ப்பு இருந்தது.

ஆதாரம் வேண்டுமே. சங்கத்தின் தண்ணீர்ப் பதிவேட்டை வாங்கினோம். பம்பு ஓடிய மாதங்களின் கரண்டு பில் இருந்தது. எல்லாவற்றையும் விட, அக்கா எழுதி வைத்திருந்த நோட்டு. எந்தத் தேதியில் தண்ணீர் வந்தது, எந்த மடை, எத்தனை மணிக்கு அடைத்தார்கள் என்று அவருடைய அப்பா ஊரில் எழுதியதைப் போலவே தமிழில் எழுதியிருந்தார். மொழிபெயர்த்து, உறுதிமொழியோடு இணைத்தேன். ஓரிகன் வனத்துறையின் கோப்பில் 'மேக்கால மடை' என்ற சொல் ஏறியது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

எல்லாம் எழுதி முடித்துக் கையெழுத்துக்காக நீட்டியபோது அக்கா கேட்டார்: "நாம ஜெயிச்சுப்போட்டா அந்தச் சரிவு எரியாதுங்களா, தம்பி?"

எரியும் என்றேன். சராசரி இறங்கும், சரிவு இறங்காது.

அந்தச் சரிவின் பெரும்பகுதி வேலிக்கு அந்தப் பக்கத்தில் இருந்தது. பக்கத்து நிலக்காரர் மரம் வெட்டும் வேலையில் வாழ்க்கையைக் கழித்த முதியவர். அரசாங்கம் நிலத்தைப் பிடுங்கப் பார்க்கிறது என்று உறுதியாக நம்பினார். அவருடைய மேல்முறையீட்டையும் சேர்த்து நடத்தச் சொன்னார். மறுத்துவிட்டேன். எங்கள் தரப்பு ஆவணங்களே மறைமுகமாகச் சொன்ன விஷயம், இந்த நிலத்தில் வயல் பத்திரம், ஆபத்து மேற்கு வேலியைத் தாண்டி இருக்கிறது என்பது. ஒரே வக்கீல் இரண்டு பேருக்கும் நிற்க முடியாது. அவருக்குக் கோபம். அண்ணனுக்கும் என் மேல் லேசான வருத்தம்.

இதற்கிடையே இன்னொரு காரியம் செய்யச் சொன்னேன். மாநிலத் தீயணைப்புத் தலைமை அலுவலகம், கேட்டால் இலவசமாக ஆளை அனுப்பி வீட்டைப் பார்வையிட்டுச் சொல்லும். பார்வையிட்ட வீட்டுக்கு 250 டாலர் உதவித்தொகையும் அப்போது இருந்தது. பெரிய தொகை இல்லை. ஆனால் வந்த அலுவலர் ஒரு மணி நேரத்தில் சொன்னது, அண்ணனின் பெருமையைக் கொஞ்சம் அசைத்தது. கூரைத் தகடு அருமை என்றார். ஆனால் கூரைக்குக் கீழே இருக்கும் காற்றுத் துளைகளின் வலைக் கண் பெரிது. எட்டில் ஓர் அங்குலம்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் கங்கு உள்ளே போய் மேற்கூரைக்குள் விழும், வெளியே நிற்பவருக்குத் தெரியவே தெரியாது. மரத்தளத்துக்கு அடியில் விறகு. சுவரை ஒட்டி, பூச்செடிகளுக்கு அழகாகப் பரப்பிய மரப்பட்டைத் தூள். சுவரிலிருந்து ஐந்து அடிக்குள் எரியக்கூடிய எதுவுமே கூடாது. மரவேலி நேராக வந்து வீட்டுச் சுவரில் முட்டியது; வேலியில் பிடித்த நெருப்பு அதன் வழியாகவே வீட்டுக்கு நடந்துவரும், கடைசி ஐந்து அடிக்கு இரும்பு கேட் போடுங்கள் என்றார். பைன் மரத்தை அறுக்கக் காட்டிய அக்கறையில் கால்வாசியை அந்த ஐந்து அடிக்குள் காட்டியிருந்தால் போதும்.

பக்கத்து நிலக்காரரும் வேலியோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாராம். அடுத்த வாரமே தன் ரம்பத்தோடு வந்தார்; அவரும் அண்ணனுமாகச் சேர்ந்து, மேற்கு வேலியை ஒட்டிய ஜூனிப்பர்களை இரு பக்கமும் குறைத்தார்கள். அரசாங்கம் சொன்னதற்காகச் செய்யவில்லை என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னாராம்.

நாங்கள் மேல்முறையீட்டைத் தயார் செய்துகொண்டிருந்த பிப்ரவரியிலேயே, கவர்னர் டினா கோடெக் மேல்முறையீடுகளின் மேல் முடிவெடுப்பதை நிறுத்தி வைக்கச் சொன்னார். மனுக்கள் ஆயிரக்கணக்கில் குவிந்திருந்தன. சட்டமன்றம் என்ன செய்யப்போகிறது என்று பார்க்கலாம் என்பது அவர் நிலை. கடைசித் தேதி மாறாததால் நாங்கள் தாக்கல் செய்தோம். விசாரணைத் தேதி எதுவும் வரவில்லை. சட்டமன்றம் கூடும் ஊரின் பெயரும் சேலம்தான் என்பதால், "சேலத்துல என்னங்க ஆச்சு?" என்று அண்ணன் போன் பண்ணும்போதெல்லாம் எனக்கு ஒரு நொடி மாம்பழம்தான் ஞாபகம் வரும்.

சேலத்தில் வரைபடத்தை ரத்து செய்யும் செனட் மசோதா 83 நகர்ந்துகொண்டிருந்தது. ஏப்ரலில் செனட் நிறைவேற்றியது. ஜூன் மாதம் கொலம்பியா ஆற்றங்கரையில், த டேல்ஸ் ஊருக்கு அருகே ரொவீனா தீ ஐம்பதுக்கும் மேற்பட்ட வீடுகளை எரித்தது. அதே ஜூன் கடைசியில் கீழவையும் மசோதாவை நிறைவேற்றியது. ஜூலையில் கவர்னர் கையெழுத்திட்டார். வரைபடம் போனது, அதைச் சார்ந்த கட்டாயங்களும் போயின. பாதுகாப்பு வெளி, தீ தாங்கும் கட்டுமானம் ஆகியவற்றுக்கான விதிகள் மாதிரி விதிகளாக மட்டும் இருக்கும். விரும்புகிற நகரமோ கவுன்டியோ தானாக ஏற்றுக்கொள்ளலாம்.

கிட்டத்தட்ட எல்லாரும் கொண்டாடினார்கள். எனக்குக் கொண்டாட முடியவில்லை. எதிர்த்து வாதாடியவன் நானேதான். ஆனாலும் அந்த வரைபடம் மோசமானது என்று ஒருபோதும் நினைத்ததில்லை. ஒரு வயலைத் தவறாக எழுதியிருக்கிறது என்றுதான் மனுவில் சொன்னேன். வயலைத் திருத்தச் சொன்னால் வரைபடத்தையே எரித்துவிட்டார்கள். எங்களுடைய நோட்டும் பதிவேடும் சரியா என்று யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. இனிச் சொல்லவும் மாட்டார்கள்.

கையெழுத்தான அடுத்த மாதம், 2025 ஆகஸ்ட் 21-ல், சிஸ்டர்ஸ் ஊருக்கு வடகிழக்கே ஃபிளாட் தீ கிளம்பியது. இருபதாயிரம் ஏக்கருக்கு மேல் பரவியது. ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு வெளியேற்ற எச்சரிக்கை போனது. சில வீடுகள் எரிந்தன. என் கட்சிக்காரர்களின் நிலத்துக்கு அது வரவில்லை. பாஸ்போர்ட், மருந்து, அந்தத் தண்ணீர் நோட்டு எல்லாவற்றையும் காரில் ஏற்றி வைத்துவிட்டுத்தான் இரண்டு இரவு தூங்கினோம் என்று அக்கா சொன்னார்.

காப்பீட்டுக் கம்பெனிக்கு எழுதிய கடிதம் என்ன ஆயிற்று? நினைவூட்டல் அனுப்பிய பிறகு பதில் வந்தது. பிரீமியம் ஏறியதற்கான காரணங்களைப் பட்டியல் போட்டிருந்தார்கள்: காட்டுத் தாவரத்துக்குப் பக்கத்தில் இருப்பது, சரிவு, தீயணைப்பு நிலையத்தின் தூரம். நான்காவது காரணம்: மரச் சில்லுக் கூரை. அவர்கள் வீட்டில் மரச் சில்லுக் கூரையே இல்லை. பழைய சொந்தக்காரர் விற்பதற்கு முன்பே அதைப் பிரித்து இரும்புத் தகடு போட்டுவிட்டார். கம்பெனியின் பதிவில் பழைய கூரையே நின்றுவிட்டது. கூரையின் போட்டோவும் கட்டட அனுமதி நகலும் அனுப்பினோம். திருத்தினார்கள். அடுத்த புதுப்பித்தலில் பிரீமியம் ஏறியதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இறங்கியது. மொத்த வழக்கில் என் கட்சிக்காரர்களுக்குக் கையில் கிடைத்த லாபம் அது ஒன்றுதான். அதற்கு மேல்முறையீடு தேவைப்படவில்லை; ஒரு கடிதம் போதுமாக இருந்தது.

காடும் புல்வெளியும் பக்கத்தில் இருக்கிற ஊரில் வீடு வைத்திருப்பவர்கள், வாங்கப்போகிறவர்கள், இந்த இரண்டையும் செய்துவிடுங்கள். உங்கள் மாநிலத்தில் அரசு வரைபடம் இருந்தால் திறந்து உங்கள் மனையை மட்டும் பார்க்காமல், காற்று வரும் திசையில் பக்கத்து மனைகளையும் பாருங்கள். காப்பீட்டுக் கம்பெனியிடம் உங்கள் வீட்டைப் பற்றி என்னென்ன எழுதி வைத்திருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். கூரை என்று எதைப் போட்டிருக்கிறார்கள் என்பதை முதலில் சரிபாருங்கள்.